மாப்பிள்ளை கையைத் தூக்கினால் மதகு திறக்கும்

மதிப்பும் பாசமும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை மனதார வாழ்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முதல் வரியிலேயே சுகம் என்று எழுதாவிட்டால் படிக்கிறவர்களுக்குப் படபடப்பு வரும் என்று எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதனால் எழுதினேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் முதல் இடம். ஆறாம் வகுப்பில் சொல்லித்தருகிற விஷயம் ஏதாவது இந்தக் கடிதத்துக்குத் தேவைப்பட்டால், அந்த இடத்தில் நீங்களே நிரப்பிப் படித்துக்கொள்ளவும். என் மகளுக்குத் தும்மல் நின்றதா? நிற்கவில்லை என்றால் ஜன்னலைச் சாத்தச் சொல்லவும். சொன்னால் கேட்கமாட்டாள், நீங்களே எழுந்து சாத்திவிடவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "மாமாவுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது பாட்டி" என்று என் பேத்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒரு வரிதானே கூடாது என்றாள்? நாலு பக்கத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பேத்தியை உங்களுக்குத் தெரியும். மகனும் மருமகளும் கடல் தாண்டிப் போனதிலிருந்து என்னோடு இருக்கிறவள், உங்களை வாய் நிறைய மாமா என்று கூப்பிடுகிறவள். அவள் இப்போது என்ன தொழில் செய்கிறாள் என்பதைத்தான் நீங்கள் சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு உங்கள் அணையிலிருந்து வருகிற ஆறுதான். அதில் ரப்பர் படகு விடுகிறாள். ஆட்களுக்குத் தலையில் கவசமும் நெஞ்சில் மிதவைச் சட்டையும் மாட்டி, படகில் ஏற்றி, நுரை தள்ளுகிற பாறைச் சரிவில் இறக்கி, கீழே மரப்பாலத்தருகே கரை சேர்ப்பாள். எல்லோரும் அலறிக்கொண்டே போகிறார்கள், சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். அலறுவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா, வீட்டிலேயே அலறிக்கொள்ளலாமே என்று நான் ஆரம்பத்தில் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. படகின் பின்பக்கம் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி! முன்னாடி! நிறுத்து!" என்று அவள் குரல் கொடுப்பதையும், அவளைவிட இரண்டு மடங்கு பெரிய ஆட்கள் அதைக் கேட்டு நடப்பதையும் பாலத்தில் நின்று பார்த்தேன். பார்த்த அன்று தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் வந்து சாப்பிட்டேன்.

ஆனால் தொழிலுக்கு வேகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் உங்கள் அணையில் பூட்டிக் கிடக்கிறது. எப்போது திறப்பார்கள், எப்போது மூடுவார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி இந்தப் பிள்ளை காற்றடித்த படகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும். இதே நிலைமை தொடர்ந்தால் படகைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகைப் பார்த்தாலே முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வளர்த்தவள் நானல்லவா.

அவள் கஷ்டம் இப்படி என்றால், ஆற்றை நம்பி இன்னும் பல பேர் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்; வேலையிலிருந்து இறங்கின மறுநாளே தூண்டிலைத் தூக்கினவர், அதனால் ஊரில் தூண்டில்காரர் என்றால்தான் தெரியும். அவருக்குத் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும், நடுப்பாறையில் போய் நிற்பதற்கு. சலவைக் கடைக்காரர் இருக்கிறார். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைக் கரையோரப் பாறைகளில் காயப்போடுகிறவர், அவருக்குப் பாறை நனையக் கூடாது. போட்டோக்காரர் ஒருவர், கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகளை ஆற்று நடுவில் உட்காரவைத்துப் படம் எடுப்பார், அவருக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் என் பேத்தியின் படகுகளைக் கண்டால் ஆகாது, படகுக்காரர்களுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. பாலத்தில் எதிரே வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தூண்டில்காரர் ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "ஏம்மா, உங்க மாப்பிள்ளை அணையிலதானே வேலை பார்க்கிறாரு?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? போன தடவை உங்கள் ஊருக்கு வந்தபோது அணையைச் சுற்றிக் காட்டினீர்களே, அதை மறப்பேனா? அந்த உயரத்தில், அந்தக் காற்றில், தொப்பி போட்டுக்கொண்டு நின்று, நீங்கள் வலது கையை இப்படித் தலைக்கு மேல் தூக்கினீர்கள். தூக்கின மறு நிமிஷம் மதகு திறந்து தண்ணீர் இடி மாதிரி விழுந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதனால் சொன்னேன்: "அணையில வேலை பார்க்கிறாரான்னா கேக்கறீங்க? அணையே அவர்தாங்க. அவர் கையைத் தூக்கினா மதகு திறக்கும்."

"அப்போ வர்ற சனிக்கிழமை மட்டும் தண்ணி விடாம இருக்கச் சொல்ல முடியுமா? பெரிய மீன் ஒண்ணு ரெண்டு மாசமா என்னை ஏமாத்திக்கிட்டு இருக்கு."

நான் சரி என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, பரிசு வாங்கின பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி போனார். அப்புறம் சலவைக் கடைக்காரர் வந்தார். பாறை காய்ந்திருக்க வேண்டும் என்றார், சரி என்றேன். போட்டோக்காரர் வந்தார், கண்ணாடி மாதிரி வேண்டும் என்றார், சரி என்றேன். பேத்தி வெளியே போயிருந்தபோது ஒரு அலுவலகத்திலிருந்து போன் வந்தது, சனிக்கிழமை கூட்டமாக வந்தால் படகு விட வேகத் தண்ணீர் இருக்குமா என்று. "ஜோரா இருக்கும், வாங்க வாங்க" என்று அவர்களுக்கும் சொன்னேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது, கடையில் வேறு நிறம்தான் இருந்தது, மாப்பிள்ளைக்குப் பச்சை மையில் எழுதலாமா என்று யோசித்ததில் சனிக்கிழமையே வந்துவிட்டது. ஒன்று கேட்கிறேன், சரி என்பது வாக்கா? சரி என்பது ஒரு மரியாதை. வாசல் தேடி வந்தவரிடம் வேறு என்ன சொல்வது?

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, நான் செய்த உபகாரத்தை நேரில் பார்க்கலாமே என்று குடையைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். நடுப்பாறையில் தூண்டில்காரர். கரையோரப் பாறையெல்லாம் வெள்ளை விரிப்பு. மணல் திட்டில் போட்டோக்காரர் ஒரு சிவப்பு சோபாவையே கொண்டுவந்து போட்டு, அதில் ஜோடியை உட்காரவைத்து, "கொஞ்சம் சிரிங்க, சண்டை போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே கரையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒரு அலுவலகமே நிற்கிறது, அவர்கள் நடுவில் ஒன்றும் புரியாமல் என் பேத்தி.

"இன்னிக்குத் தண்ணி வராது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று தூண்டில்காரர் பாறையிலிருந்து கத்தினார்.

"ஜோரா வரும்னு சொன்னாங்களே!" என்றார் அலுவலகத்து மேனேஜர்.

"யார் சொன்னது?"

"போன்ல ஒரு பாட்டி."

"எனக்கும் பாட்டிதானே சொன்னாங்க!" என்றார் சலவைக் கடைக்காரர்.

எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டேன், அன்றைக்குப் பார்த்து வெயில் அதிகம்.

அப்போதுதான் சங்கு ஊதியது. அணையில் தண்ணீர் திறந்தால் கரை முழுக்கக் கேட்கிற அபாயச் சங்கு. கீழே இருந்தவர்கள் அசையத் தொடங்கினார்கள். தூண்டில்காரர் மட்டும் அசையவில்லை. "சும்மா ஊதிப் பார்க்கிறாங்க. அணைக்காரரோட மாமியாரே சொல்லிட்டாங்க, அதுக்கு மேல சங்கா?" என்றார். மாப்பிள்ளை, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆறு முதலில் நிறம் மாறியது. பிறகு சத்தம் வந்தது. பிறகு தண்ணீரே வந்தது.

ஜோடியும் போட்டோக்காரரும் ஓடி மேலே ஏறிவிட்டார்கள். சோபா ஏறவில்லை, யாரும் உட்காராமல், ராஜா ஊர்வலம் போகிற மாதிரி நடு ஆற்றில் நிமிர்ந்து போனது. பின்னாலேயே பாதி வெள்ளை விரிப்புகளும் போயின. நடுப்பாறையில் தூண்டில்காரருக்கு முழங்கால் வரை தண்ணீர். என் பேத்தி படகை இறக்கினாள், கயிற்றின் ஒரு நுனியைப் படகில் கட்டி, மறு நுனியை மேனேஜர் கையில் கொடுத்தாள். கயிறு பாறை வரைக்கும் எட்டவில்லை. மீதி இருந்த விரிப்புகளைச் சலவைக் கடைக்காரர் வாரிக்கொண்டு ஓடிவந்தார், ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக் கயிற்றோடு சேர்த்தார், "ஹோட்டல்காரன் கேட்டா நான் பார்த்துக்கறேன், நீ போம்மா" என்றார். அலுவலகம் பிடித்தது, போட்டோக்காரர் பிடித்தார், கல்யாணப் பெண் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மாப்பிள்ளைப் பையனுக்கு முன்னால் நின்று பிடித்தாள். அந்தப் பையன் பிழைத்துக்கொள்வான். கடைசி விரிப்பின் கடைசி நுனி என் கையில். நான் இழுத்தேனா, துணி என்னை இழுத்ததா என்று இன்றுவரை தெரியாது. விட மட்டும் இல்லை. அந்தப் பக்கம் இருப்பது என் பேத்தி.

படகு பாறையை நெருங்கியதும் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டே நிமிஷம் இரும்மா, மீன் மாட்டியிருக்கு!"

"ஐயா, மாட்டியிருக்கிறது நீங்க! ஏறுங்க!" என்றாள் என் பேத்தி.

ஏறினார். தூண்டில் போனது, மீன் போனது, ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்திருந்த டப்பா போனது. ஆள் வந்து சேர்ந்தார். பேத்தி படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள். "உன் வாய்க்கு ஒரு மதகு வச்சிருக்கக் கூடாதா பாட்டி?" என்றாள். என்னமாகப் பேசுகிறாள் பாருங்கள், படித்த பிள்ளை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

எல்லோரையும் என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார்கள், அது பக்கம் என்பதால். கூடத்தில் ஆளுக்கு ஒரு ஹோட்டல் விரிப்பைப் போர்த்திக்கொண்டு, கையில் டீயோடு, பேய்கள் மாநாடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நன்றாகச் சண்டை போட்டார்கள். எல்லாம் படகால் வந்த வினை என்றார் தூண்டில்காரர். அந்தப் படகில்தானே ஐயா வந்து சேர்ந்தீர்கள் என்றார் மேனேஜர். பேத்திதான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஆற்றை ஒரு கோடாக வரைந்து, "சண்டை அப்புறம். உங்களுக்கு ஆறு எத்தனை மணிக்கு வேணும்? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

தூண்டில்காரருக்கு விடிகாலை மட்டும் போதுமாம், வெயில் ஏறினால் மீன் கடிக்காதாம். படகுக்கு வருகிறவர்கள் முன்பகலுக்கு முன்னால் எழுந்திருப்பதே இல்லை. போட்டோக்காரருக்கு மாலை வெளிச்சம் வேண்டும், அன்றைக்குக் காலையில் வந்ததே நான் சொன்ன சரியை நம்பித்தானாம். சலவைக் கடைக்காரர், "எனக்கு நேரமே வேண்டாம்பா, எப்போ வரும்னு முந்தின நாள் சொன்னா போதும்" என்றார். ஒரே நேரத்துக்கு ஆற்றைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. இத்தனை காலம் பாலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களே, எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை. போட்டோக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் விரிப்புகள் எல்லாம் குலுங்கின.

அங்கேயே அணை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். சனிக்கிழமைகளில் விடிகாலை தண்ணீர் விட வேண்டாம், முன்பகலில் திறக்கவும், மதியம் தாண்டி மூடவும் என்று. மூடும்போது ஒரேயடியாக மூடினால் மீன் குட்டையில் மாட்டிச் சாகும், ஆகவே மெல்ல மெல்ல மூடவும் என்பது தூண்டில்காரர் சேர்த்தது. முந்தின நாளே பாலத்துப் பலகையில் நேரம் எழுதிப்போடுவது எங்கள் பொறுப்பு, சங்கு ஊதினால் யாராக இருந்தாலும் கரையேற வேண்டும் என்று எல்லோரும் சம்மதித்தார்கள். கடைசியாக, "ஆற்றுத் தண்ணீர் பற்றி மேற்படிப் பாட்டி சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை" என்று ஒரு வரி. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், என்னையும் போடச் சொன்னார்கள். என் கையெழுத்துத்தான் இருந்ததிலேயே அழகு என்று போட்டோக்காரர் சொன்னார்.

இந்த மனு மற்ற மனுக்களோடு வரிசையில்தான் போக வேண்டும், மாமா வழியாகப் போகக் கூடாது என்பது பேத்தியின் பிடிவாதம். "மாமா சொல்லித் திறந்தா அது நம்ம தண்ணி ஆயிடும். எல்லாருக்கும் பொதுவா வரணும்" என்றாள். அதனால்தான் எழுதக் கூடாது என்கிறாள்.

ஆனால் மாப்பிள்ளை, அந்த ஒரு கண்டிப்பைத் தவிர, அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது "மாத்திரை", "கதவு", "வெந்நீர்" என்று ஒற்றைச் சொல்லாகத்தான். மாத்திரையை நேரத்துக்குக் கையில் வைக்கிறாள், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். ஆறு ஒழுங்காக வர ஆரம்பித்தால், நுரை இல்லாத கீழ்ப்பாதியில், முன் இருக்கையில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவதாக முன்பு சொல்லியிருந்தாள். என் தலைக்கு அளவெடுத்து ஒரு கவசம்கூட வாங்கி வைத்தாள், மஞ்சள் நிறம். அது வாசல் ஆணியில் தொங்குகிறது. தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், எடுத்துவிட்டாளா என்று. இன்னும் எடுக்கவில்லை.

ஆகையால் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மனுவில் இருக்கிறபடி சனிக்கிழமை முன்பகலில் ஒரு தடவை கையைத் தூக்குங்கள். ஒரேயடியாகத் தூக்காமல் பாதி தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, மீதியைத் தூக்கவும். இறக்கும்போது இன்னும் மெதுவாக இறக்கவும், மீன்கள் இருக்கின்றன. கை வலித்தால் என் மகளைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லவும். தண்ணீர் வந்தால் என் பேத்தி படகைப் பரணில் போட வேண்டாம், என்னோடும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவாள்.

நீங்களும் என் மகளும் குறைவில்லாமல், தும்மல் இல்லாமல், நெடுநாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மேலே எழுதியதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, முடிக்கிறேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தை

பின்குறிப்பு: உறை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால், கூடத்தில் அந்தச் சிவப்பு சோபாவில் (மரப்பாலத்தில் முட்டி நின்றதை எடுத்துவந்து எங்கள் வீட்டில்தான் காயவைத்திருக்கிறார்கள்) பேத்தி உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று பதறிப்போய்க் கிட்டே போனேன். சிரிக்கிறாள். "பாட்டி, மாமா மதகைத் திறக்கிறவர் இல்ல. மதகுக்கு கிரீஸ் போடற பிரிவுல இருக்காரு. திறக்கிறது வேற ஊர்ல, ஒரு ரூம்ல உட்கார்ந்து பொத்தானை அழுத்தற ஒரு அம்மா" என்றாள். அப்படியானால் கையைத் தூக்கினாரே என்று கேட்டேன். என் மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு நீங்கள் கையைத் தூக்கியது டீ கொண்டுவருகிறவரைக் கூப்பிடவாம். பல தடவை எடுத்துச் சொன்னீர்களாம், நான்தான் காதில் வாங்கவில்லையாம்.

பொத்தான் அம்மாவிடமிருந்து மனுவுக்குப் பதிலும் வந்துவிட்டது, கேட்டபடியே திறந்து கேட்டபடியே மூடுகிறார்களாம், வருகிற சனிக்கிழமை ஒரு நாள் நடத்திப் பார்ப்பார்களாம். ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. வாழ்த்து மட்டும் செல்லும்.

இதைச் சொல்லிவிட்டுப் பேத்தி எழுந்துபோய் ஆணியிலிருந்து கவசத்தை எடுத்துவந்து, என் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துக் கட்டினாள். "வாய் திறக்க முடியுதா?" என்று கேட்டாள். முடியுது என்றேன். இன்னும் ஒரு ஓட்டை இறுக்கினாள். கவசத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கிரீஸ் இல்லாமல் உலகத்தில் எந்த மதகு திறந்திருக்கிறது? நன்றாகப் போடுங்கள். போட்டுவிட்டுச் சனிக்கிழமை நீங்களும் மகளும் கட்டாயம் வாருங்கள். நான் முன் இருக்கையில் இருப்பேன். சங்கு ஊதினதும் பாலத்தில் நின்று ஒரே ஒரு தடவை கையைத் தூக்குங்கள். டீக்குக் கூப்பிடுகிற மாதிரி தூக்கினாலும் போதும். கரையில் தூண்டில்காரர் நிற்பார், பார்க்கட்டும்.